பாதிரியார் முட்டையிடவில்லை

பெரில் ஹாட்சைப் பற்றிப் பூசி மெழுகி எழுத எனக்கு வராது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். எங்கள் ஆல்டர்ஃபோர்டில் இருபத்தெட்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மனதில் பட்டதை மறுநொடி வாயில் கொட்டிவிடுவாள். கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. ஆனால் பதினோரு வருடமாக, எப்போதோ செத்துப்போன ஒருத்தியின் பின்னால் பைத்தியம் பிடித்து அலைந்துகொண்டிருந்தாள்.

அந்த ஒருத்தி எப்சிபா டிராஸ்க். இதே ஊர்க்காரி, பாலாடைக்கட்டி செய்து விற்றவள். அடிமை ஒழிப்புக்காகப் போராடிய அந்தக் காலத்தில் ‘சர்க்கரைக் கிண்ணத்தின் அடியில்’ என்றொரு துண்டுப் பிரசுரம் வெளிவந்தது. அடிமைகளின் ரத்தம் சிந்தி விளைந்த சர்க்கரையைத் தொடாதே என்று சொல்லி, மாவட்டத்தில் பாதி வீடுகளைச் சர்க்கரையில்லாமல் தேநீர் குடிக்க வைத்தது. எழுதியவர் என்று அதில் போட்டிருந்த பெயர் அப்போதைய ஊர்ப் பாதிரியார் பொமராயுடையது.

“கிண்ணத்தடியில ஒட்டுற பிசுக்கு வரைக்கும் எழுதியிருக்கு. பாதிரியார் என்னைக்குப் பாத்திரம் கழுவினாரு? இது எப்சிபா எழுத்து” என்பாள் பெரில்.

“ஆதாரம்?” என்பார் ஊர் வரலாற்றுச் சங்கத் தலைவர் சான்சி விட்லாக். அந்த ஒரு வார்த்தையோடு வாதம் முடிந்துவிடும்.

இந்த வருடம் தேவாலய வாசலில் அந்தப் பிரசுரத்துக்கு ஒரு நினைவுக்கல் நாட்டுவதாக ஏற்பாடு. கல்லில் யார் பெயர் என்று சங்கத்தின் மார்ச் மாதச் சனிக்கிழமைக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். திங்கட்கிழமை கல்தச்சர் உளியை எடுத்துவிடுவார்.

பெரிலின் கையில் இருந்தது ஒரே ஒரு கடிதத்தின் நகல். எப்சிபா தன் அக்காவுக்கு எழுதியது. தாள் கணக்கில் தபால் கூலி வாங்கிய காலம் அது. பக்கம் நிறைந்ததும் தாளைத் திருப்பி வைத்து, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவார்கள். பார்த்தாலே தலை சுற்றும். சான்சி வாலிப வயதில் அதன் நேர்வரிகளை மட்டும் தட்டச்சு செய்துவிட்டு, ‘குறுக்குவரிகள் வீட்டு விவகாரம், பிரதி எடுக்கவில்லை’ என்று அடியில் குறித்து முடித்துவிட்டார்.

பிப்ரவரிக் கூட்டத்தில் பெரில் எழுந்து, குறுக்குவரிகளை வாசித்துவிட்டதாக அறிவித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்: “பாதிரியார் பொமராய் இரண்டு வாரமாக முட்டையிடவில்லை. செனட்டரை நுரை வர அடித்து அடுப்பில் வைத்தேன்.”

“இது ரகசிய சங்கேதம்!” என்று அவள் சேர்த்துச் சொன்னதும் கூரை பிய்ந்துபோகிற சிரிப்பு. நேர்வரியில் பாதி, குறுக்குவரியில் பாதி என்று கலந்துகட்டிப் படித்திருக்கிறாள். வீட்டுக் குப்பையைக் கொட்டச் சனிக்கிழமைகளில் ஊரே கூடுகிற குப்பைக் கிடங்கில் அவளுக்குத் தலை காட்ட முடியவில்லை.

“பெரில், பாதிரியார் முட்டை போட்டாரா?”

“போட்டா உனக்குத்தான் முதல் ஆம்லெட், போடா!”

வாய் பேசினாளே தவிர, வண்டிக்குள் ஏறியதும் முகம் தொங்கிவிட்டது. கூட்டத்தில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்குச் சுருக்கென்றது.

மார்ச் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், பள்ளி விடுவதற்காகக் காத்திருந்த நேரத்தில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி நகலைக் கண்மட்டத்தில் தட்டையாகப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். பலகை நேராக இருக்கிறதா என்று தச்சர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பாரே, அப்படி. உடனே எனக்குத் தொலைபேசி.

“ரொவீனா! பிரிஞ்சிடுச்சுடி! தனித்தனியாப் பிரிஞ்சிடுச்சு!”

“என்னடி பிரிஞ்சுது, பஸ்ஸா?”

“எழுத்துடி! சாய்ச்சுப் பார்த்தா ஒண்ணு அமுங்குது, ஒண்ணு எழும்புது!”

சனிக்கிழமைக் கூட்டத்துக்குச் சங்கத்து அலமாரியிலிருந்து மூலக் கடிதத்தையே எடுத்து வரச் செய்தாள். ஆனால் படிக்க மறுத்துவிட்டாள்.

“நான் படிச்சா மறுபடியும் முட்டைதான் வரும். சான்சி, நீங்களே படிங்க. தட்டையாப் பிடிங்க. இன்னும் கீழ. ஆங், அப்படியே.”

“என்ன வித்தை காட்டச் சொல்றே?” என்று முனகியபடி ஒற்றைக் கண்ணை மூடினார். அடுத்த நொடி அவர் குரல் மாறியது.

‘அக்கா, சர்க்கரைக் கிண்ணம் அச்சில் வந்துவிட்டது. எழுத்து என்னுடையது, பெயர் பாதிரியாருடையது. பெண் எழுதியது என்றால் சபைப் பெரியவர்கள் கையால் தொடமாட்டார்கள் என்று நான்தான் அவரை வற்புறுத்தினேன்.’

நாற்காலிகள் சரிந்தன. யாரோ கத்தினார்கள், கத்தியது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்த டோனட் தட்டு கையிலிருந்து போன இடம் தெரியவில்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம், வெட்கமே இல்லாத சந்தோஷம்.

“இன்னும் இருக்கு, படிங்க” என்றாள் பெரில்.

‘இதைக் குறுக்கே எழுதக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் என் கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் தபாலில் சேர்க்கிறார். கோழி சமாச்சாரம் முடிகிற வரை படிப்பார். தாளைத் திருப்பிப் பிடிக்கும் பொறுமை இந்த ஆண்களுக்குக் கிடையாது.’

சான்சி நிறுத்திவிட்டார். அவருடைய காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தத் தாளை மேசையில் வைத்தார்.

“அந்தம்மா என்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்காங்க” என்றார். பிறகு கையை உயர்த்தினார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் உயர்ந்த கை அதுதான்.

பெரிலால் மட்டும் கை தூக்க முடியவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அவளுடைய ஓட்டு இல்லாமலே எப்சிபா ஜெயித்தாள்.