வந்துகினு கீறேன்

பேய் ஓட்டுகிறவனுக்கு அமாவாசை மாதம் ஒருமுறைதான். லேப்டாப் ரிப்பேர் தொழிலில் இருப்பவனுக்கு அப்டேட் எப்போது வேண்டுமானாலும் வரும். அது வந்த மறுநாள், டோல்கேட்டில் என் கடை வாசலில் நிற்பவர்களைப் பார்த்தால் வேப்பிலை அடிக்கக் கூட்டி வந்த கூட்டம் மாதிரி இருக்கும். நேற்று வரை நன்றாக ஓடிய கீபோர்டு இன்று பேச்சு மூச்சில்லாமல் கிடக்க, நீங்கள் தவித்ததுண்டா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான்.

யோசிக்கிற பட்டன்

போன அப்டேட்டுக்கு முதலில் வந்தவர் எம்.கே.பி. நகர் குமார். பட்டனைத் தட்டினால் எழுத்து வரவில்லை. அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் பொறுத்து வருகிறது. தவறுதலாகப் படும் தட்டல்களை ஒதுக்க ஒரு வசதி உண்டு. அப்டேட் அதை இவரைக் கேட்காமலே போட்டுவிட்டிருந்தது. செட்டிங்ஸில் அணைத்துக் கொடுத்தேன். குமாருக்கு நம்பிக்கை வரவில்லை. "சும்மா சொல்லாத மாமு. நான் அமுக்குறேன், உள்ள ஒருத்தன் இத்த வுடலாமா வேணாமான்னு யோசிச்சுகினு கீறான்."

கதவ சாத்தாத

சிரித்தேன். அந்தச் சிரிப்பு மத்தியானம் வரைக்கும்தான். ராயபுரத்திலிருந்து ஸ்டெல்லா வந்தார். அவர் வீட்டுக்காரர் அந்தோணிக்கு ஹார்பரில் கண்டெய்னர் விவரம் பதிகிற வேலை. போன மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய லேப்டாப்பில்தான் இப்போது ஸ்டெல்லா கல்யாணப் பத்திரிகை டைப் செய்து வீட்டை ஓட்டுகிறார். அப்டேட்டுக்குப் பிறகு கீபோர்டு மொத்தமும் அவுட்.

டிரைவரை மாற்றிப் பார்த்தேன், அப்டேட்டையே நீக்கியும் பார்த்தேன். ம்ஹூம். சரியென்று திரையிலேயே கீபோர்டை வரவழைத்து, தமிழில் 'வ' தொட்டேன். மேலே வார்த்தை எடுத்துக் கொடுக்கிற பட்டையில் 'வணக்கம்' வரவேண்டும். 'வந்துகினு' வந்தது. அதைத் தொட்டால் 'கீறேன்'. அதையும் தொட்டால் 'கதவ', அப்புறம் 'சாத்தாத'.

எந்தக் கம்பெனி அகராதியிலும் 'இருக்கிறேன்'தான் இருக்கும், 'கீறேன்' கிடையாது. யாரோ திரும்பத் திரும்ப எழுதித்தான் மிஷினுக்கு அது பழகியிருக்க வேண்டும். ஸ்டெல்லா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஷிப்ட் வுட்டதும் அவுரு இதுலேர்ந்துதான் மெசேஜ் போடுவாருண்ணா. தெனம் இதேதான். இப்ப நான் கதவ சாத்திகினுதான் தூங்குறேன்."

ஆளில்லாத கடை

பாக்கி இருந்தது ஒரே வழி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றுவது. ஃபைல்களை எடுத்து வைத்துவிடலாம். பழகிய வார்த்தைகள் போய்விடும். யோசித்துச் சொல்கிறேன் என்று லேப்டாப்பை விட்டுவிட்டு ஸ்டெல்லா கிளம்பினார்.

மறுநாள் ஷட்டரை இறக்க மறந்து டீ குடிக்கப் போய்விட்டு வருகிறேன், பக்கத்து ஜெராக்ஸ் கடை பஷீர் பாய் என் மேஜை முன்னால் நிற்கிறார். திரையில் பாதிப் பக்கத்துக்கு அந்த வரியே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. உப்புக் காற்றில் அடிபட்ட தொடுதிரை தொடாமலே வேலை செய்யும், எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனாலும் லேப்டாப்பை மூடி வைத்தேன். பாய் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "யாரு நைனா வந்துகினு கீறது?"

ரெண்டு கீபோர்டு

சாயங்காலம் ஸ்டெல்லா வந்ததும் நடந்ததை அப்படியே சொன்னேன். மறைக்க மனசு வரவில்லை. "அழிச்சா கீபோர்டு வந்துடும், இது போயிடும்மா. இல்லாங்காட்டி வெளிய ஒரு கீபோர்டு சொருகிக்கலாம், வால் மாதிரி தொங்கும்" என்றேன். அந்த வாலுக்கு இதுவரை எந்த வாடிக்கையாளரும் சம்மதித்ததில்லை.

ஸ்டெல்லா அந்தச் செத்த பட்டன்கள் மேல் ஒருமுறை கையை ஓட்டினார். "வாலே குடுண்ணா. வெளிய கீறது எனக்கு, உள்ள கீறது அவுருக்கு. நேத்து ராவு நான் கதவ சாத்தல."

கீபோர்டு சரியாகாமலே வாடிக்கையாளர் திருப்தியாகப் போன கேஸ் என் தொழிலில் இது ஒன்றுதான், அன்றிலிருந்து டீ குடிக்கப் போகும்போது நானும் ஷட்டரை முழுசாக இறக்குவதில்லை.