சாமியப்பனின் அப்ரூவ்டு செட்டிங்

சாமியப்பன் நியாயமான மனிதர். முப்பத்தோரு வருடம் பனியன் கம்பெனிகளில் இருந்தவர்; அதில் பத்தொன்பது வருடம் செக்கிங் இன்சார்ஜ். அவரிடம் திட்டு வாங்காத டெய்லர் இல்லை. காரணமில்லாமல் திட்டு வாங்கியவரும் இல்லை, ஏனென்றால் காரணத்தை அவரே கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார்.

தொழில் அவருக்கு இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொடுத்திருந்தது. சரக்கு வாங்கும் பையர் ஒப்புக்கொண்டு சீல் வைத்த சாம்பிள் எப்படியோ, அப்படியே பத்தாயிரம் பீஸும் இருக்க வேண்டும். அடுத்தது, டேமேஜ் என்று ஒன்று இருந்தால் அதைச் செய்தவர் என்று ஒருவர் இருந்தே தீர வேண்டும். மெஷின்மேல் பழி போடுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. மெஷினை வேலையைவிட்டு அனுப்ப முடியாதல்லவா?

ஓய்வுபெற்ற பிறகு, முதலிபாளையத்துக்குப் பக்கத்தில் கட்டிய வீட்டில் செக் செய்ய எதுவும் இருக்கவில்லை. மகன் ரித்தீஷ் துணிக்குச் சாயமேற்றும் டையிங்கில் ஷிப்டு பார்க்கிறவன், கைக்குக் கிடைப்பதில்லை. மருமகள் நதியா கிடைத்தாள்.

நதியாவுக்கு அப்போதுதான் ஒரு பையிங் ஆபீஸில், பையர்களோடு பேசி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை கிடைத்திருந்தது, வீட்டிலிருந்தே. மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். பி.எஸ்ஸி. முடித்து ஐந்து வருடம் சமையலறையில் இருந்தவளுக்கு அது முதல் வேலை. ஆஸ்திரேலியாக்காரர்களோடு தினமும் வீடியோவில் பேச வேண்டும் என்பதால் ரித்தீஷ் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிவந்தான். வீட்டில் ஏற்கனவே ஒன்று இருந்தது, சாமியப்பனுடையது. நெட் ஒன்றுதான். அதன் பெட்டி அவருடைய மேஜைமேல் இருந்தது. அதிலிருந்து அவள் அறைக்கு ஒரு கேபிள் இழுத்தார்கள். வைஃபையை அவர் என்றைக்கோ நிறுத்தச் சொல்லிவிட்டார். எதிர் லைன் வீட்டு பீகார்க்காரர்கள் சுவர் தாண்டித் திருடிவிடுவார்களாம்.

புதிதாக வந்ததற்கு செட்டிங் போட்டவரும் அவரே. தன் கம்ப்யூட்டரில் நெட் ஒழுங்காக வருகிறது. ஆகவே அதுதான் அப்ரூவ்டு சாம்பிள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதிலிருந்த எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, இதில் ஒவ்வொன்றாக அடித்தார். இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தார். ஓர் எண்கூடப் பிசகவில்லை. யாரும் கைவைத்துவிடக் கூடாதென்று இரண்டின் செட்டிங்கையும் தன் பாஸ்வேர்டைப் போட்டுப் பூட்டினார்.

பிசகாததுதான் கோளாறு. ஒரு வீட்டுக்குள் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி எண் வேண்டும். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? முதலில் திறந்த வீட்டில் போட்டுவிட்டுப் போவார். சாமியப்பன் காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறவர்.

ஒன்பதரைக்கு நதியா உட்கார்ந்தால் நெட் இருக்காது. மாமனார் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கறிக்கடைக்குப் போனால் வரும். இரண்டாவது வாரமே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

“மாமா, நீங்க ஆஃப் பண்ணுனா எனக்கு வருதுங்க. ரெண்டுலயும் ஒரே நம்பர் இருக்குதோ என்னமோ. பாஸ்வேர்டு சொன்னீங்கன்னா பாத்துக்கறனுங்க.”

“அப்ப எம்பட மிஷினுதான் டேமேஜுங்கறே?”

“ஐயோ, அப்படிச் சொல்லலீங்க.”

“ஒரே லைன், ஒரே செட்டிங். எனக்கு வருது, உனக்கு வரலே. நீ எதையாச்சும் அமுக்கியிருப்பே, கண்ணு.”

கண்ணு என்று சொல்லாமல் அவர் யாரையும் குற்றம்சாட்டியதில்லை.

போனில் நெட் வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குப் போக வேண்டும். அங்கேயும் படம் வந்தால் குரல் வராது. இரண்டு மாதத்தில் பதினொரு மீட்டிங் பாதியில் அறுந்தது. ஆபீஸில் அவளுக்கு மேலே இருந்த சித்ரகலா நல்லவர்தான்.

“புதன்கெழமை பதினோரு மணிக்கு பையரே உங்ககூடப் பேசறாங்க, நதியா. அதை வெச்சுத்தான் கன்ஃபர்ம் பண்ணுவாங்க. அன்னிக்கும் கட்டாச்சுன்னா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

இதைக் கேட்டதும் சாமியப்பன் இளகிப்போய், தானே நெட்காரப் பையன் ஆதிபுக்குப் போன் செய்து புதன் காலை வரச் சொன்னார். உதவும் எண்ணம் இல்லாமல் இல்லை. ஆனால் மருமகளின் தப்பை மூன்றாம் மனிதர் வாயால் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கம்பெனியிலும் ரிஜெக்ட் ஷீட்டுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன ஆதிப் பத்தரைக்கு வந்தான். கேபிளை மாற்றிப் பார்த்தான். இரண்டு கம்ப்யூட்டரிலும் எதையோ தட்டிப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

“ஏனுங்கய்யா, எந்தப் புண்ணியவானுங்க ரெண்டுக்கும் ஒரே நம்பரு போட்டது? ஒரே பனியனுக்குள்ள ரெண்டு பேரு தலைய உட்டாப்பல இருக்குது.”

நதியா சிரித்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா மிஷின்ல நம்பரோட கடைசியில இருக்கற பத்தைப் பதினொண்ணாக்குனாப் போதுங்க. பாஸ்வேர்டு கேக்குது. வந்து அடிச்சு உடுங்க.”

மணி பத்து நாற்பத்தாறு. சாமியப்பன் முட்டாள் இல்லை. ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. பாஸ்வேர்டு அவருக்குத் தன் பெயரைப் போல நினைவிருந்தது. அது அவர் பெயரேதான். ஆனால் எழுந்துபோய் அதை அடித்தால், அந்தப் பத்தையும் அடித்தது யார் கை என்று இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“மறந்துபோச்சே, தம்பி.”

“செரி, அப்ப உங்களதை ஒரு மணி நேரம் ஆஃப் பண்ணீருங்க. அக்காவுக்கு இப்பவே வந்துரும்.”

“இதுல மச்சினன் ஊட்டுக் காதுகுத்து வீடியோ ஏறீட்டிருக்குது. நடுவுல நிறுத்துனா கெட்டுப்போயிரும்.”

திரையில் சீட்டாட்டம் இருந்தது. ஆதிப் அதைப் பார்த்தான்; பார்க்காததுபோல ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அந்த வீதி முழுக்க அவனுக்குக் கனெக்‌ஷன் பிடித்துக் கொடுத்தவர் சாமியப்பன். பிளக்கும் பெட்டியும் அவர் நாற்காலிக்குப் பின்னால், அவர் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தன.

“மாமா, ஒரு மணி நேரம் போதுங்க. கால்ல உழுகச் சொன்னாலும் உழுகறனுங்க.”

“அப்படியெல்லாம் பேசாதே, சாமி. வேலை எங்க ஓடிப்போகுது?”

அவர் எழவில்லை. அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். “ஹலோ, கேன் யூ ஹியர் மீ?” என்ற குரல் கீழே தெளிவாகக் கேட்டது, ஆஸ்திரேலியாவுக்குத்தான் கேட்கவில்லை. ஒன்பது தடவை கேட்டாள். பிறகு மாடி அமைதியாகிவிட்டது.

பதினொன்றே முக்காலுக்கு, ஆதிப் போன பிறகு, சாமியப்பனுக்குப் பாஸ்வேர்டு நினைவு வந்தது. அவள் அறைக்குப் போய்ப் பத்தைப் பதினொன்றாக்கினார். இரண்டிலும் நெட் வந்தது.

“இங்க வா, கண்ணு. நானே சரி பண்ணீட்டேன், பாரு.”

சரியான நெட்டில் முதலில் வந்து விழுந்தது சித்ரகலாவின் மெயில். மூன்றே வரி. அவள் தோளுக்கு மேலாக அவரும் படித்தார். பையர்களின் இங்கிலீஷ் அவருக்கு நன்றாகவே தெரியும். வருந்துகிறோம் என்று எத்தனை மெயில் பார்த்திருப்பார்.

சாயங்காலம் ரித்தீஷ் ஷிப்டு முடிந்து வந்ததும் நதியா நடந்ததை எல்லாம் சொன்னாள், ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல். அவன் இரண்டு அறைக்கும் போய்ப் பார்த்தான். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் நெட் ஓடியது.

“நல்லாத்தானே வருது?” என்றான்.

சாமியப்பன் மகனைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உடு, ரித்தீஷு. வேலை போன வருத்தத்துல என்னமோ பேசறா. நீ ஒண்ணும் கேக்காதே, பாவம்.”

ரித்தீஷ் ஒன்றும் கேட்கவில்லை.