ஹட்டன் குவியலில் ஒரு ஜோடி பூட்ஸ்

இன்று ஹட்டன் டவுனில், ஒரு முஸ்லிம் நானாவின் பழைய சப்பாத்துக் கடையில், காலணிக் குவியலுக்குள் முழங்கை வரை கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். நாளை மகளுக்குப் பாடசாலையில் கால்பந்துப் போட்டி. பூட்ஸ் இல்லாதவர்களை மைதானத்தில் இறக்க மாட்டார்களாம்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. ஊதா நிறம், தேயாத அடி, மகளின் அளவேதான்.

ஆனால் இடது கால் மட்டும்.

நிமிர்ந்து பார்த்தால், வலது கால் எதிரே நின்ற ஓர் அக்காவின் கையில் இருந்தது. அவர் இடது காலைத் தேடிக்கொண்டிருந்தார்!

இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் யாரும் பிடியை விடவில்லை.

"நீங்களே பேசி முடிங்க, நான் நடுவுல வரமாட்டேன்" என்று நானா நழுவிவிட்டார்.

மகனின் பாத அளவுக்கு முறித்துக் கொண்டுவந்திருந்த ஈர்க்குச்சியை அக்கா பூட்ஸுக்குள் வைத்துப் பார்த்தார். குச்சி சின்னது.

"பெருசுதான். பஞ்சு வச்சுப் போட்டுக்குவான்னு நெனச்சேன். ஒங்க புள்ளைக்கு எப்ப மேட்சு?"

"நாளைக்குங்க."

"அப்ப நீங்களே எடுத்துக்கங்க. எங்களுக்கு அடுத்த மாசந்தான். அதுக்குள்ள ஒன்னு கெடைக்காமலா போயிரும்?"

என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி குவியலுக்குள் குனிந்தார். றொசல்லைக்குப் போகும் அவருடைய பஸ் வரும் வரை, பக்கத்தில் உட்கார்ந்து நானும் தேடினேன். கிடைக்கவில்லை.

அக்காவின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். பத்து வயதுப் பையனுக்குப் பொருந்தும் பூட்ஸ் உங்கள் வீட்டில் சும்மா கிடந்தால் சொல்லுங்கள்.

தயவுசெய்து இரண்டு காலும் இருக்கட்டும். ஒற்றைக் கால் நானாவிடம் ஏராளமாக இருக்கிறது.