நீச்சலுக்கு வந்த பணம்

எங்கள் தொடக்கப்பள்ளிக்கு உடற்கல்விக்கென்று தனியாகப் பணம் வந்த வருடம், அதை எதில் செலவழிப்பது என்று பேச முதல்வர் அறையில் கூடினோம். நான் அப்போது உடற்கல்விப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். சிங்கப்பூரில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள பள்ளி அது. திடல் சிறியது. மழை வந்துவிட்டால் பிள்ளைகளை மண்டபத்தில் வரிசையாக நிறுத்திக் கயிறு தாண்டச் சொல்வோம். மழைக்காலம் முழுக்க உடற்கல்வி என்றால் அதுதான்.

முதல்வருக்கு மண்டபத்தில் ஏறுசுவர் ஒன்று கட்ட ஆசை. பிள்ளைகள் கைக்கும் காலுக்கும் பிடி தேடி ஏறிப் பழகும் சுவர். "பெற்றோர் வந்தா கண்ணுல படணும்" என்றார், ஆங்கிலத்தில். நான் நீச்சல் என்றேன். எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேர் நீச்சல் குளத்தில் கால் வைத்ததே இல்லை. சுற்றிலும் கடல் இருக்கும் ஊரில் இப்படியா என்று எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த வருடத்துப் பணம் தொடக்கநிலை மூன்றாம் வகுப்பு மாணவர்களின் நீச்சலுக்கு. அடுத்த வருடத்துப் பணம் சுவருக்கு.

பயிற்றுநர்களை அமர்த்தினோம். பேருந்து ஏற்பாடு செய்தோம். மிதவைப் பலகைகள் வாங்கினோம். நீச்சலுடை வாங்க முடியாத பிள்ளைகளுக்கு அதையும் வாங்கினோம். தண்ணீரில் பாடம் நடத்துவது எப்படி என்று கற்றுக்கொள்ள நானும் இன்னோர் ஆசிரியரும் போய் வந்தோம். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு உற்சாகமாக நான் வேலை பார்த்ததில்லை.

ஒரே ஒரு மாணவியின் வீட்டிலிருந்து மட்டும் வேண்டாம் என்று பதில் வந்தது. காரணம் எதுவும் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் யாரும் கேட்கவும் இல்லை. அவள் முஸ்லிம் பெண், தாய் தலைக்குத் துண்டு போடுபவர், அதுதான் விஷயம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம். நானும்தான். பள்ளிப் பணத்திலேயே கை, கால், தலை எல்லாம் மூடும் நீச்சலுடை ஒன்றை அவள் அளவுக்கு வாங்கி, ஒரு மாலை அதை எடுத்துக்கொண்டு அவள் தாய் வேலை செய்யும் கடைக்குப் போனேன்.

அது அவருடைய கணவரின் அண்ணன் நடத்திய பாத்திரக் கடை. வாசல் நெடுக எவர்சில்வர் அடுக்கியிருந்தது. அவள் தாய் ஒருவருக்குக் குக்கர் மூடியைப் பூட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் சிறியவர்.

"வாங்க டீச்சர். ஏதும் தப்பு பண்ணிட்டாளா?"

"அதெல்லாம் இல்லம்மா. ஸ்விம்மிங் விஷயமா பேசலாம்னு வந்தேன்." உடையை எடுத்து நீட்டினேன். "இது முழுசா மூடியிருக்கும். லேடி கோச்சும் இருக்காங்க. ஸ்கூல்லயே வாங்கிட்டோம், நீங்க எதுவும் கட்ட வேணாம்."

அவர் துணியை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா நான் அதுக்காக வேணாம்னு சொல்லலையே."

"அப்புறம் எதுக்கும்மா?" என்றேன்.

"இவ அத்தா மவுத்தானது தண்ணியிலதான். மலேசியாவுல ஜொகூர் பக்கம் ஒரு அருவிக்குக் கூட்டாளிங்களோட போனவங்க திரும்பி வரல. அப்ப இவளுக்கு நடக்கக்கூடத் தெரியாது."

எந்தப் பெற்றோர் தயங்கினாலும் சொல்வதற்கென்று என்னிடம் ஒரு பதில் இருந்தது. அதையே சொன்னேன். "அதனாலதாம்மா சொல்றேன். நீந்தத் தெரிஞ்சா ஆபத்து இல்ல பாருங்க."

"அவங்களுக்குத் தெரியும் டீச்சர்" என்றார். குரலில் கோபம் இல்லை. "சின்ன வயசுல நாகூர்க் கடல்லயே நீந்துனவங்க. தெரியும்கிற தைரியத்துலதான் உள்ள போனாங்க."

உள்ளே யாரோ தட்டு விலை கேட்டார்கள். அவர் உடையை மடித்த மடிப்பு கலையாமல் என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். வெளியே வந்து சிராங்கூன் சாலையில் கூட்டத்தோடு கூட்டமாக வெகுதூரம் நடந்தேன். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி வந்துவிட்டது பிறகுதான் தெரிந்தது.

வகுப்பு முழுதும் குளத்துக்குப் போகும்போது ஒருத்தியை மட்டும் பள்ளியில் விட்டுச்செல்ல முடியாது. அதனால் அவளும் வந்தாள். சீருடையோடு கரையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். முதலில் நான் அவளைப் பரிதாபமாகப் பார்த்தேன். சில வாரங்களில் அவள் அப்படிப் பார்க்கக்கூடிய பிள்ளை இல்லை என்று புரிந்தது. பயிற்றுநர் சொல்வதை ஒன்று விடாமல் கவனித்தாள். பெஞ்சில் இருந்தபடியே கன்னத்தை உப்பி மூச்சை அடக்கினாள், ஊதி விட்டாள். தோழி தடுமாறினால், "நீ ஹெட் தூக்குற லா, அதான் கால் கீழ போவுது" என்று அங்கிருந்தே திருத்தினாள்.

ஒருமுறை என்னிடம் கேட்டாள்: "டீச்சர், உள்ள எப்படி இருக்கும்?"

"குளிரா இருக்கும்" என்றேன்.

"அதில்ல. உள்ள. காது எல்லாம் மூடினப்புறம்."

எதையோ சொல்லி வைத்தேன். கடைசி வகுப்பில் மற்றவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தபோது எல்லாருக்கும் அவள் கைதட்டினாள். அன்று பேருந்தில் முன்னிருக்கையில் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலே வந்தேன்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் அவள் தாய் பள்ளி வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

"கட்டில்ல குப்புறப் படுத்துக்கிட்டு கையையும் காலையும் ஆட்டுறா டீச்சர். தலையை எப்படித் திருப்பி மூச்சு வாங்கணும்னு எனக்கே சொல்லித் தர்றா. நான் எவ்வளவு நாள்தான் பிடிச்சு வைக்கிறது. இந்த வருஷம் அவளைச் சேத்துக்குங்க."

அந்த வாரம்தான் மண்டபத்தில் ஏறுசுவருக்குத் துளை போட ஆரம்பித்திருந்தார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதும் அந்தச் சத்தம் கேட்டது. இந்த வருடம் நீச்சல் கிடையாது என்று அவரிடம் சொல்ல வேண்டியவள் நான். சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "நான்தான் லேட்டு" என்றார்.

முதல்வரிடம் போனேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பணம் சுவருக்குப் போய்விட்டது, ஒரு பிள்ளைக்காகத் தனி வகுப்பு வைக்க முடியாது என்றார். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. தாயோடு வருவதென்றால் விடுமுறை நாளில் நானே சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். சரி என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜாலான் புசார் பக்கமுள்ள பொது நீச்சல் குளத்தில் மூவரும் சந்தித்தோம். என் அலமாரியில் கிடந்த அந்த உடை அவளுக்கு இப்போது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. படியில் இறங்கித் தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் அவள் உடம்பு விறைத்துவிட்டது. பார்த்துப் பார்த்துக் கற்ற எதுவும் உதவவில்லை. என் முழங்கைகளை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். அவசரம் இல்லை என்று சொல்லிக்கொண்டே வெகுநேரம் அப்படியே நின்றேன். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே ஒருமுறை முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். எழுந்ததும் கரையைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, பாத்தீங்களா?"

தாய் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. அவர் பார்க்கவே இல்லை.

"பாத்தேன்மா" என்றார்.

அடுத்து மிதக்கக் கற்றுக் கொடுக்கலாம் என்று நினைத்தபோது மின்னல் எச்சரிக்கை ஒலித்தது. உயிர்காப்பாளர் விசிலடித்து எல்லாரையும் வெளியே வரச் சொன்னார். கூரைக்கடியில் ஒதுங்கினோம். மழை கொட்டியது. தாய் மகளைத் துண்டில் சுற்றி, தலையைத் துவட்டினார். தலை காய்ந்த பிறகும் துவட்டுவதை நிறுத்தவில்லை.

"அவ மூஞ்சி உள்ள போனப்ப எனக்கு மூச்சே வரல டீச்சர்" என்றார், மகளுக்குக் கேட்காதபடி.

"அடுத்த வாரம் வாங்க. கொஞ்சம் கொஞ்சமாப் பழகிடும்."

"பாக்கலாம் டீச்சர்."

மழை விடவில்லை. குளத்தை அன்று மறுபடி திறக்கவும் இல்லை. அடுத்த வாரம் கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்று செய்தி அனுப்பினார். அதற்கடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். பிறகு நோன்பு மாதம் வந்தது. நானும் கேட்பதை விட்டுவிட்டேன். அவரைத் திரும்பத் திரும்ப அந்தப் பெஞ்சில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆண்டின் நடுவில் வாடகை ஏறி, கணவரின் அண்ணன் கடையைக் கைவிட்டார். தாயும் மகளும் தீவின் மேற்கே கிளமெண்டியில் இருந்த தாயின் தம்பி வீட்டுக்குக் குடிபோனார்கள். பள்ளியை விட்டுப் போகிற அன்று சிறுமி ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"அந்த ஸ்கூல்ல ஸ்விம்மிங் இருக்கா டீச்சர்?"

"தெரியலயேம்மா. இருக்கும்."

"ஓகே" என்றாள். பிறகு, "பை டீச்சர்" என்று போய்விட்டாள்.

அவள் போய்ச் சேர்ந்த பள்ளியில் எனக்குத் தெரிந்த ஓர் உடற்கல்வி ஆசிரியர் இருந்தார். வேறு ஒரு விஷயமாகப் பேசும்போது நீச்சல் உண்டா என்று கேட்டேன். அவர்களுக்கும் அதே பணம் வந்திருந்தது. அதில் திடலைச் சுற்றி ஓடுதளம் போட்டிருந்தார்களாம். நல்ல தளம், மழை பெய்தாலும் வழுக்காது என்றார்.