எஃப்.சி. வாரம்

இப்போதெல்லாம் லாரியை நிறுத்திக் கேட்டால் டிரைவர்கள் செல்போனை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், பர்மிட் எல்லாம் அதற்குள் இருக்கிறதாம். எங்கள் காலத்தில் வண்டியில் ஒரு ஃபைல், வீட்டில் ஒரு ஃபைல். வண்டியில் அசல், வீட்டில் ஜெராக்ஸ். வீட்டு ஃபைலுக்கு நான்தான் மகாராணி. எது எப்போது முடிகிறது என்பதைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருப்பேன்.

என் கணவர் சொந்த வண்டியைத் தானே ஓட்டியவர். திருவெறும்பூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இரும்புச் சாமான் ஏற்றிக்கொண்டு நாக்பூர், ராய்ப்பூர் என்று போவார். அங்கே இறக்கிவிட்டு, வேறு ஏதாவது கிடைத்தால் அதை ஏற்றிக்கொண்டு இன்னும் வடக்கே போவார். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு மாதத்தில் இரண்டு நாள் வந்தால் அதிகம். வந்த நாளிலும் தூங்குவார். பக்கத்து வீட்டு மாமி ஒருமுறை, "உங்காத்துக்காரர் ஆத்துல இருக்காரா, இல்லையான்னே தெரியறதில்லையேடிம்மா" என்றார். எனக்கே தெரியாது மாமி என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன்.

அப்படிப்பட்ட மனிதரை வருடத்தில் ஒரு வாரம் முழுசாக வீட்டில் உட்காரவைத்தது அரசாங்கம்தான். சரக்கு வண்டி ஓடத் தகுதியானதுதானா என்று வருடத்துக்கு ஒருமுறை காட்டிச் சான்று வாங்க வேண்டும். அதுதான் எஃப்.சி. அது இல்லாமல் மற்ற மாநிலத்துக்கு என்ன, உள்ளூர் மன்னார்புரத்தைக்கூடத் தாண்ட முடியாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டுவதற்கு முன்னால் வண்டியைப் பட்டறையில் விட்டு, பிரேக் பார்த்து, தகரம் தட்டி, புதுசாகப் பெயிண்ட் அடித்து, ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எப்படியும் ஒரு வாரம் ஆகும். ஊரெல்லாம் தீபாவளியை எண்ணிக் காத்திருக்கும். நான் எஃப்.சி.யை எண்ணிக் காத்திருந்தேன். பெயிண்ட் காய்கிற நாளில் புளியோதரை கட்டிக்கொண்டு முக்கொம்புக்கு பஸ் ஏறுவோம். அவர் சீட்டில் உட்கார்ந்தபடியே காலால் பிரேக் பிடித்துக்கொண்டு வருவார். அந்த பஸ் டிரைவர் ஓட்டுவது அவருக்குப் பிடிக்காது.

மூத்த மகள் பிறந்தபோது அவர் நாக்பூரில் லோடுக்காகக் காத்திருந்தார். வந்து பார்த்தது பத்தொன்பதாம் நாள். குழந்தையைத் தூக்கத் தெரியாமல் கையை நீட்டியபடியே நின்றார். எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. அடுத்த குழந்தைக்கு இது நடக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

நாலு வருடம் கழித்து இரண்டாவது வயிற்றில் இருந்தது. டாக்டர் மாசி முதல் வாரம் என்றார். எஃப்.சி. முடிவதோ பங்குனி நடுவில். காலண்டரைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துப்போனது. அவர் ராய்ப்பூரிலிருந்து கூப்பிட்டு, கல்கத்தாவுக்கு ஒரு லோடு இருக்கிறது, போய்விட்டு வரட்டுமா என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எஃப்.சி. முடியப் போகுதுங்க. மாசி ரெண்டாம் தேதிதான் கடைசி. ஏத்தாம வந்துடுங்க."

"சரி, நீ சொன்னா சரிதான், வரேன்" என்றார். பேப்பர் விஷயத்தில் அவர் என்னை ஒரு நாளும் மறுகேள்வி கேட்டதில்லை. அந்த நம்பிக்கையை வைத்தே பொய் சொல்கிறோமே என்று மனசு உறுத்தியது. ஆனாலும் போனை வைத்ததும் சந்தோஷத்தில் ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தேன்.

அவர் வந்து வண்டியை மன்னார்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் விட்டார். கையெழுத்துப் போட வேண்டிய படிவங்களை எடுத்துக்கொண்டு, நிறைமாத வயிற்றோடு நானும் ஆட்டோவில் போனேன். பெயிண்டர் தம்பி கையில் உப்புத்தாளோடு டிரைவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்னக்கா, இன்னும் ஒன்றரை மாசம் கிடக்கே, இப்பவே எதுக்கு அவசரம்?" என்றார்.

அந்தத் தம்பி விரல் காட்டிய இடத்தைப் பார்த்தேன். கதவை ஒட்டி, சாண் அகலத்துக்கு, வெள்ளைப் பெயிண்டில் எஃப்.சி. முடியும் தேதி எழுதியிருந்தது. எல்லா லாரியிலும் எழுதியிருப்பார்கள். பொய் சொல்லும் அவசரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டுத் திருதிருவென்று முழித்தேன். என் கணவர் டயரைத் தட்டிப் பார்த்தபடி, "உங்கக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். அதைத் தேய்ச்சிட்டுப் புதுசு எழுதுப்பா" என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"தினம் அந்தக் கதவைத் திறந்துதானே ஏறுறேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"வாங்கன்னு கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

வந்திருக்க மாட்டார். லோடு இருக்கிறது என்றிருப்பார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

வண்டியை இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டிய காலையில் எனக்கு வலி எடுத்தது. இன்னொரு டிரைவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றார். சின்னவள் அழுத முதல் அழுகை அவர் காதில் விழுந்தது. வண்டியும் பாஸாகிவிட்டது. ஒன்றரை மாதம் வீணாகப் போனதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

முன்கூட்டிக் காட்டியதில் ஒரு விசேஷம் நடந்தது. புதுச் சான்று அன்றைய தேதியிலிருந்து கிடைத்ததால், அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. வாரமும் சின்னவள் பிறந்தநாளும் ஒன்றாகவே வந்தன. ஒரு பிறந்தநாளுக்குக்கூட அப்பா இல்லாமல் அவள் கேக் வெட்டியதில்லை. நான் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

சின்னவளுக்கு ஐந்து முடிந்த வருடம், அவள் பிறந்தநாள் கழிந்து அப்பா லோடு ஏற்றப் போன பிறகு, மூத்தவள் என் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு நிமிர்ந்து கேட்டாள்.

"ஆவணியில என் பொறந்தநாளுக்கு எந்தப் பேப்பர்ம்மா முடியுது?"

நானும் வாங்கிப் புரட்டினேன். டாக்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று, பர்மிட். எதுவும் ஆவணியில் முடியவில்லை. முடிந்தாலும் அவற்றுக்காக யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. ஐந்து வருடமாக இந்தக் குழந்தை மனசுக்குள் என்னென்ன எண்ணிக்கொண்டிருந்தாளோ, நான் ஒருத்தி கவனிக்கவே இல்லை. அன்றைக்கு நான் அழுததை அவள் முன்னால் மறைக்க முடியவில்லை.

அவரிடம் போனில் சொன்னேன். இந்தமுறை பொய் எதுவும் சேர்க்கவில்லை. அவள் கேட்டதை அப்படியே சொன்னேன். முழுசும் கேட்டுக்கொண்டார். பிறகு, "லோடு பேசுறாங்க, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆவணியில், அவள் பிறந்தநாள் காலையில், திருவானைக்கோவில் பைபாஸ் ஓரத்தில் எங்கள் வண்டி லோடு ஏற்றாமல் வெறும் பாடியோடு நின்றது. மூத்தவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கீழே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன தெரிந்த டிரைவர் ஒருவர் வண்டியை ஓரம் கட்டி எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே நிறுத்திட்டீங்க? பேப்பர் ஏதும் முடிஞ்சுபோச்சா?"

"எல்லாம் கரெக்டா இருக்குப்பா" என்றார் என் கணவர். "பொண்ணுக்குப் பொறந்தநாள்."