நான்கு சக்கரமும் இழுத்த லாரி

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் என்னிடம் ஒரு லாரியை ஒப்படைத்தார்கள். வெள்ளைக்காரப் பட்டாளம் போட்டுவிட்டு ஓடிய வண்டி அது. மற்ற லாரிகளில் பின்சக்கரங்கள் மட்டும்தான் வண்டியைத் தள்ளும். இதில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பாலிக் புலாவ் பக்கம் போய் ராணுவக் கிடங்குக்கு விறகு ஏற்றி, மலைப்பாதையைத் தாண்டி டவுனுக்குக் கொண்டுவருவது என் வேலை. மழையில் மற்றவர்கள் இறங்கித் தள்ளிய இடங்களில் நான் உட்கார்ந்தபடியே ஏறிப்போனேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது.

டயர்தான் சரியில்லை. வண்டியோடு வந்த, பெரிய பல் வைத்த டயர்களைப் பட்டறையில் கழற்றி வேறொரு வண்டிக்கு மாட்டிக்கொண்டார்கள். எனக்குக் கொடுத்தவை பழைய பஸ் டயர்கள். வழவழவென்று தேய்ந்து, உள்ளே இருந்த துணி தெரிந்தது. கடலைத் தாண்டி அக்கரைக்குப் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ரப்பர் மரம் நின்றது. நல்ல டயர் ஒன்று யாரிடமும் இல்லை.

டவுனில், டத்தோ கிராமாட்டில் என் பக்கத்து வீட்டுக்காரரும் லாரி ஓட்டினார். நான் அவரை அண்ணே என்றும், அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன். அவருடையது பெட்ரோலுக்குப் பதில் கரியைப் புகைத்து, அந்த வாயுவில் ஓட்டும் கிழட்டு வண்டி. மழை வந்தால் பின்சக்கரங்களில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். ஒருநாள் என் டயரைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, நாலும் இழுக்கிறது ஏறுறதுக்குத்தான் லா. எறங்கறப்ப நிறுத்துறது டயருதான்."

நான் சிரித்தேன்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு பகலில் விறகோடு திரும்பிக்கொண்டிருந்தேன். மலை ஏற்றம் முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே அண்ணனின் லாரி ஓரமாக நின்றது. கரி நனைந்து, வண்டி இழுக்க மறுத்துவிட்டது. அண்ணி உள்ளே உட்கார்ந்திருந்தார். இரண்டு சேலைகளைக் கொடுத்து மரவள்ளிக் கிழங்கு மாற்றிவர அவரோடு வந்திருந்தார். பால் குடிக்கிற பிள்ளையை எதிர்வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்.

"புள்ள காலையிலேருந்து பசியா கெடக்கும் தம்பி," என்றார்.

"மழை விடட்டும். ரெண்டு வண்டியும் ஒண்ணா மெதுவா எறங்கலாம்," என்றார் அண்ணன்.

"இதுல வாங்க அண்ணி. நாலு சக்கரமும் இழுக்குது. அரை மணி நேரத்துல வீட்டுல இருப்பீங்க," என்றேன் நான்.

அண்ணன் என் டயரைப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அண்ணி கிழங்குச் சாக்கை அவரிடமே விட்டுவிட்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

மிச்ச ஏற்றத்தை வண்டி சுலபமாக ஏறியது. அந்தத் தெம்பில்தான் இறக்கத்திலும் வேகத்தை அடக்கும் சின்ன கியருக்கு மாற்றாமல் விட்டேன். இரண்டாவது வளைவில் மேட்டுமண் கரைந்து ரோட்டில் படிந்திருந்தது. பதறிப்போய் பிரேக்கை முழுக்க அழுத்தினேன். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், அது வெறுமனே சுற்றியது. அவ்வளவு பாரத்தோடு லாரி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. இன்றும் அந்த அமைதிதான் எனக்கு நினைவிருக்கிறது. மரத்தில் மோதியது அண்ணி இருந்த பக்கம். பின்னால் இருந்த விறகு, எங்கள் முதுகுப் பலகையை உடைத்துக்கொண்டு முன்னால் வந்தது.

விறகைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். அண்ணி கொஞ்ச நேரம் மூச்சு விட்டார். பிறகு அதுவும் நின்றது.

மழை விட்டு, கரி மறுபடி பற்றிய பிறகு அண்ணனின் லாரி கயிறு கட்டிய சக்கரங்களோடு மெல்ல ஊர்ந்து வந்து நின்றது. அவர் அழவில்லை. "காலப் புடி," என்றார். கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் அண்ணியைக் கிடத்தினோம்.

லாரியை உடைத்ததற்காகக் கிடங்கில் என்னை அடித்தார்கள். ஒரு முழுப் பகல் வெயிலில் டயரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கவைத்தார்கள். எனக்கு அது போதாது என்றுதான் தோன்றியது.

பாலுக்கு எங்கே போவது? பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீரும், மசித்த கிழங்கும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் பிள்ளையும் போய்விட்டது.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று அண்ணன் வாசலில் உட்கார்ந்து கேட்டார்:

"அன்னைக்கு பிரேக்க அழுத்திப் போட்டியா?"

"இல்லண்ணே. மெதுவாத்தான் போட்டேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுநாள் நடந்து போயி பாத்தேன் தம்பி. சேத்துல மரம் வரைக்கும் சக்கரம் வழுக்கின கோடு கெடந்துச்சு. ஒரு எடத்துலகூட சக்கரம் உருளல."

திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். கரி வாங்கப் போகணும், சாக்கு தூக்க ஆள் இல்லை, வா என்றார். நான் பின்னால் நடந்தேன்.