விசில் அண்ணனின் லைட் டியூட்டி

எங்கள் கம்பெனியில் விபத்தே நடக்காது. நான் சொல்லவில்லை, வாசலில் இருக்கிற போர்டு சொல்கிறது. கச்சா எண்ணெயைக் காய்ச்சி பெட்ரோலும் டீசலும் கேஸுமாகப் பிரித்து விற்கிற பெரிய கம்பெனி அது. டிவி விளம்பரத்தில் குழந்தைகள் பச்சை வயலில் ஓடுவார்கள். எங்கள் புகைபோக்கி மட்டும் அதில் வராது. போர்டில் ‘விபத்தில்லாமல் கடந்த நாட்கள்’ என்று எழுதி, கீழே ஆள் உயரத்துக்கு ஒரு எண். தினமும் காலையில் ஒருவர் ஏணி போட்டு ஏறி அந்த எண்ணை மாற்றுவார். அந்த ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

நான் அங்கே ஒப்பந்த டிரைவர். அதிகாரிகள் பின்சீட்டில் உட்கார்ந்து பேசுவது எல்லாம் என் காதில் விழும். டிரைவருக்கும் காது உண்டு என்பது அவர்களுக்கு இன்னும் தெரியாது. அப்படித்தான் அந்த எண்ணின் சூட்சுமத்தைத் தெரிந்துகொண்டேன். வேலையில் அடிபட்டவர் மறுநாள் வேலைக்கு வராவிட்டால்தான் அது விபத்து. எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். கட்டுப் போட்டுக்கொண்டாவது வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அது விபத்தே இல்லை, வெறும் முதலுதவி. இந்த விதியைக் கண்டுபிடித்த மகராசனைக் கையெடுத்துக் கும்பிடலாம், கை மிஞ்சியிருந்தால்.

விசில் அண்ணன் நீராவிக் குழாய்களைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர். அத்தனை இரைச்சலிலும் விசிலடித்துக்கொண்டே நடப்பார். அதனால் அந்தப் பெயர். இரண்டு பேர் தொங்கினாலும் அசையாத வால்வை ஒற்றைக் கையால் திருப்புவார். இளந்தாரியாக உள்ளே போனவருக்குத் தலை நரைத்தது அங்கேதான். சொந்தக்காரர் யாராவது கம்பெனியைக் குறை சொன்னால், அவர் மாமனாரே ஆனாலும் சரி, மல்லுக்கு நிற்பார். “இவருக்கு மூத்த தாரம் கம்பெனி. நான் ரெண்டாந்தாரம்தான்” என்பார் அண்ணி.

ஒரு வால்வு பல நாளாக இறுகிக் கிடந்தது. சரிபண்ணுங்கள் என்று அண்ணன் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு நாள் பகல் ஷிப்டில் அதை அவசரமாக மூட வேண்டி வந்தது. வால்வு திருப்புகிற நீளமான இரும்புச் சாவியை மாட்டி நெம்பினார். சாவி வழுக்கியது. வலது கை குழாய்க்கும் சாவிக்கும் நடுவில் மாட்டி நசுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டு போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“எலும்பு நொறுங்கியிருக்கு, நரம்பும் அடிபட்டிருக்கு. இன்னைக்கே படுத்துடுங்க. ரெஸ்ட்ல இருக்கணும், இந்த வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப்போட்டா விரல் மடங்காது.”

படுக்கை விரிப்பதற்குள் பாதுகாப்பு அதிகாரி பழக்கூடையோடு வந்துவிட்டார். நாக்கில் தேன் தடவிய மனிதர்.

“அண்ணே, அடுத்த மாசம் தலைமை ஆபீஸ்ல இருந்து வந்து விபத்தே இல்லாததுக்கு விருது குடுக்குறாங்க. அதுவரைக்கும் நீங்க வந்து சும்மா உட்கார்ந்தா போதும். லைட் டியூட்டி. வாசலுக்கே வண்டி வரும். விழா முடிஞ்ச மறுநாளே பெரிய ஆஸ்பத்திரியில வச்சு ஆபரேஷன், எல்லாம் கம்பெனி பார்த்துக்கும்.”

விஷயம் தெரிந்து ஓடி வந்திருந்த அண்ணி குறுக்கே வந்தார். “டாக்டர் இந்த வாரம்னு சொல்றாரே சார்?”

“டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க மேடம். வீக்கம் வத்தட்டும்னு நம்ம கம்பெனி டாக்டரே சொல்லிட்டார்.”

கம்பெனி டாக்டர் அந்தக் கையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அண்ணன் அண்ணியைத் திரும்பிப் பார்த்து, “எனக்கு ஒண்ணுன்னா கம்பெனி விட்டுடுமா?” என்றார். அன்று சாயங்காலமே வீடு திரும்பினார்கள்.

மறுநாளிலிருந்து தினமும் அவரைக் கூட்டிப்போவது என் வேலை. பாதுகாப்பு ஆபீசின் மூலையில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி. எதிர்ச் சுவரில் ‘உங்கள் குடும்பம் உங்களுக்காகக் காத்திருக்கிறது’ என்று ஹெல்மெட் போட்ட ஒருவன் சிரிக்கிற படம். காலையில் கைரேகை வைத்து உள்ளே போக வேண்டும். வலது கை கட்டுக்குள் இருந்ததால் அவருக்கென்று இடது கை ரேகையை மெஷினில் ஏற்றினார்கள். இந்த வேலையெல்லாம் எங்கள் கம்பெனியில் மளமளவென்று நடக்கும். ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

“அண்ணே, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோங்க. எல்லாருக்கும் பரிசு உண்டாமே.”

“நான் ஆபீசர் ஆயிட்டேன்டா. ஏசியில உட்கார்ந்து கொட்டாவி விடுறதுதான் வேலை” என்று அண்ணன் சிரிப்பார்.

வண்டியில் அந்தச் சிரிப்பு இருக்காது. நான் பள்ளம் பார்த்து ஊர்ந்து போனாலும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் உப்பிக் கறுத்துக்கொண்டே வந்தன.

ஒரு நாள் காலையில் அண்ணி வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“தம்பி, வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடு.”

நான் உடனே இண்டிகேட்டரைப் போட்டேன்.

“நேரா போப்பா” என்றார் அண்ணன் பின்னாலிருந்து. “அத்தனை பேரோட பரிசையும் நான் ஒருத்தன் கெடுக்கவா? அப்புறம் அங்க யார் மூஞ்சியில முழிக்கிறது?”

“அவங்க மூஞ்சி முக்கியம். உங்க கை முக்கியமில்ல?”

“இத்தனை நாள் பொறுத்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள்தானே.”

அண்ணி நடுரோட்டிலேயே இறங்கிக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். எனக்கு அண்ணன்மேல் வந்த கோபம் அதிகாரிமேல்கூட வந்ததில்லை. அந்த மூஞ்சிகளைத்தான் நான் தினமும் பார்க்கிறேனே. ஒருத்தனாவது “விருது கிடக்கட்டும், நீங்க போய்ப் படுங்கண்ணே” என்று சொன்னானா?

விழா ஜோராக நடந்தது. மேடையில் கேடயம் வாங்க மேனேஜர் போனார். தலைமை ஆபீஸ்காரர் கண்ணில் படக்கூடாது என்று அண்ணனைக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். எல்லோருக்கும் சுடுதண்ணீர் பிளாஸ்க் ஒன்று பரிசு. வீட்டுக்குப் போகிற வழியில் அண்ணன் வண்டியில் அதைத் திறக்கப் பார்த்தார், ஒரு கையால் முடியவில்லை. நான் நிறுத்தித் திறந்து கொடுத்தேன்.

சொன்னபடி ஆபரேஷன் நடந்தது. அதில் குறை சொல்ல முடியாது. “இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று மட்டும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார். எலும்பு கோணலாக ஒட்டியிருந்தது. காயம் ஆறியும் கட்டைவிரலைத் தவிர எதுவும் மடங்கவில்லை.

அப்புறம் வருடாந்திர உடல் தகுதிச் சோதனை வந்தது. கைவலுவை முள்ளில் காட்டுகிற ஒரு பிடியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். அண்ணன் முகம் சிவக்க அழுத்தியும் முள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வால்வு திருப்ப முடியாதவர் வேலைக்குத் தகுதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வேலையில் பட்ட அடி, நஷ்டஈடாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, அப்படி ஒரு விபத்தே நடக்கவில்லையே என்றார்கள். பிளாஸ்க் வாங்கியவர்கள் எல்லோரும் அந்த வாரம் முழுக்க வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பாதுகாப்பு அதிகாரியிடம் நேராகப் போனேன்.

“சார், அடிபட்ட அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதே நான்தான். அப்புறம் தினமும் கூட்டிட்டு வந்ததும் நான்தான். எங்க வேணாலும் வந்து சொல்றேன்.”

அவர் கோபப்படவில்லை. எனக்கு நாற்காலிகூடப் போட்டார்.

“தாராளமா சொல்லு தம்பி. மறுநாள்ல இருந்து தினமும் வேலைக்குக் கூட்டிட்டு வந்தேன்னு சொல்லு. விழா வரைக்கும் ஒரு நாள்கூட லீவு போடல. கையில அப்படி அடிபட்டிருந்தா எவனாவது வேலைக்கு வருவானா? உன்னைவிட நல்ல சாட்சி எங்களுக்கு எங்க கிடைக்கும்?”

வெளியே வந்தேன். அண்ணன் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கடைசியாக ஒரு தடவை வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லியிருந்தார்கள். போகும்போது அதிகாரி சொன்னதை அவரிடம் சொன்னேன்.

“உன்மேல என்னப்பா தப்பு. ஏறி உட்கார்ந்தது நான்தானே” என்றார்.

அண்ணி வாசலில் நின்றார். அண்ணன் உள்ளே போனதும் என்னிடம் வந்தார்.

“நாளையிலேருந்து வண்டி வராதா தம்பி?”

“வராது அண்ணி.”

“ரெஸ்ட்ல இருக்கணும்னு அன்னைக்கு டாக்டர் சொன்னாரே” என்றார். “இப்பத்தான் அனுப்பியிருக்காங்க.”